வலது கையில் நாடி இல்லை!

“ஐயோ... ராவுத்தர் போயிட்டாரு!”

அலறல் கேட்டு பிட் ஸ்ட்ரீட்டில் ஓடிக்கொண்டிருந்த ரிக்‌ஷாக்கள் அப்படியே நின்றன.

1937. மலாய் நாட்டு ஜார்ஜ்டவுன். வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணி.

கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலில் தொழுகை முடித்து வந்த கூட்டம், எதிரே இஸ்மாயில் ராவுத்தரின் நாசி கண்டார் சாப்பாட்டுக் கடையில் சோறும் கறியுமாக உட்கார்ந்திருந்தது. இப்போது மொத்தக் கூட்டமும் எச்சில் கையோடு எழுந்து நின்றது.

நடு மேஜைக்குப் பக்கத்தில் ராவுத்தர் மல்லாந்து கிடந்தார்.

கண்கள் மேலே செருகியிருந்தன. உதடுகள் நீலம்.

அவருடைய வலது மணிக்கட்டைப் பிடித்தபடி மண்டியிட்டிருந்தார் டிரஸர் பெஞ்சமின். டாக்டர் அல்ல. டாக்டர்களிடம் உதவியாளாக இருந்து, கட்டுப்போட்டு, மருந்து கலந்து தொழில் பழகியவர். இரண்டு கடை தள்ளிச் சொந்தமாக ஒரு மருந்துக்கடை வைத்திருந்தார்.

“நாடி இல்ல... சுத்தமா இல்ல!” பெஞ்சமின் தலையில் அடித்துக்கொண்டார். “என் கையாலதானே ஒரு துண்டு ஊட்டினேன்... என் கூட்டாளிக்கு அதுவே கடைசி வாயாப் போச்சே!”

“நகருங்க!”

கூட்டத்தை ஒரு குடை இரண்டாகப் பிளந்தது.

குடைக்குப் பின்னால் டாக்டர் அக்னஸ் இராயப்பன். பெரியாஸ்பத்திரியில் இருந்த ஒரே தமிழ்ப் பெண் டாக்டர். வயது முப்பது. பக்கத்துக் கடையில் பட்டு நூலுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தவர், அலறல் கேட்டு ஓடி வந்திருந்தார்.

“டாக்டர், பிரயோஜனமில்ல. நான் பார்த்துட்டேன்.”

“எந்தக் கையைப் பார்த்தீங்க?”

“வலது கை.”

அக்னஸ் ராவுத்தரின் இடது மணிக்கட்டைப் பிடித்தார்.

ஒரு விநாடி... இரண்டு விநாடி...

“யோவ்! பொணத்துக்கு நாடி துடிக்குமாய்யா?”

“என்னது?”

“புரட்டுங்க இவரை! சீக்கிரம் லா!”

நாலு பேர் புரட்டினார்கள். அக்னஸ் ராவுத்தரின் முதுகில் குத்தினார். ஒன்று. இரண்டு. மூன்று. டாக்டர் குத்துகிற குத்தா அது? துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்களே முகம் சுளித்தார்கள்.

நாலாவது குத்தில்...

ப்ளக்!

ஒரு பெரிய ஆட்டுக்கறித் துண்டு ராவுத்தரின் வாயிலிருந்து பறந்து போய்ச் சுவரோரம் விழுந்தது. கடைப் பூனை பாய்ந்து கவ்வியது. ஒரே ஓட்டம்!

ராவுத்தர் ‘ஹ்ஹா...’ என்று மூச்சை இழுத்தார். அரை மயக்கத்தில் கண் திறந்தார். பேச்சு வரவில்லை.

“அல்லா!” என்றது கூட்டம்.

பெஞ்சமின் மட்டும் அதே இடத்தில் மண்டியிட்டிருந்தார். திறந்த வாயை மூடவில்லை.

அக்னஸ் ராவுத்தரின் வலது கையை எடுத்துப் பார்த்தார். பெஞ்சமின் பொய் சொல்லவில்லை. அந்தக் கையில் நாடி, இருக்கிறதா என்று சந்தேகப்படும் அளவுக்கு மெல்லியதாக இருந்தது. இடது கையிலோ குதிரை ஓடியது.

ஒரே ஆளுக்கு இரண்டு நாடியா?

*

மாலை ஆறு மணி. பெரியாஸ்பத்திரியில் டெலிபோன் அடித்தது.

“டாக்டரம்மா, சப்-இன்ஸ்பெக்டர் பெர்னார்ட் பேசுறேன். பூனை செத்துப் போச்சு!”

“போலீஸ்ல இப்பப் பூனைக்கெல்லாம் கேஸ் எழுதுறீங்களா?”

“ராவுத்தர் வாயிலேருந்து விழுந்த கறியைத் தின்ன பூனை! வாந்தி எடுத்து, வலிப்பு வந்து, போயிடுச்சு. வயித்தைக் கிழிச்சு சோதிச்சா... ஆர்சனிக்!”

அக்னஸ் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“ஆளையும் பிடிச்சாச்சு,” என்றார் பெர்னார்ட் பெருமையாக.

“யாரு?”

“அவரு பொஞ்சாதி சித்தி ஹாஜரா. முதலாளியோட தட்டு மட்டும் மாடியில அந்தம்மா கையால தயாராகி வருமாம். ஏழு மாசமா மனுசன் இளைச்சுக்கிட்டே வந்திருக்காரு. கொஞ்சம் கொஞ்சமா விஷம் வச்சிருக்காங்க. இன்னிக்கு மொத்தமா வச்சுட்டாங்க. கயிறுதான்!”

“கொஞ்சம் பொறுங்க, பெர்னார்ட்...”

“எதுக்கு? எனக்கு எல்லாம் தெளிவா இருக்கு.”

“அதனாலதான் பயமா இருக்கு!”

டெலிபோனை வைத்தார் அக்னஸ்.

*

சனிக்கிழமை காலை. போலீஸ் லாக்கப்.

கம்பிக்குப் பின்னால் சித்தி ஹாஜரா சுருண்டு உட்கார்ந்திருந்தாள். முப்பத்தெட்டு வயது. அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. அக்னஸைப் பார்த்ததும் எழுந்து வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

‘நான் செய்யல’ என்று சொல்வாள் என்று அக்னஸ் எதிர்பார்த்தார்.

“டாக்டரம்மா... அவரு கஞ்சி குடிச்சாரா?” என்றாள் ஹாஜரா.

“என்ன கஞ்சி?”

ஹாஜரா உதட்டைக் கடித்தாள். பேசக்கூடாததைப் பேசிவிட்ட முகம்.

“அக்கா, இங்க பாருங்க. நீங்க வாயை மூடிக்கிட்டா, இந்த மாத்தா போலீஸ்காரங்க உங்களைத் தூக்குல போட்டுருவாங்க. என்ன கஞ்சி?”

“சத்தியம் வாங்கியிருக்காரும்மா... யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு.”

“உயிரை விட சத்தியம் பெருசா?”

ஹாஜரா சேலை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, அடக்கி வைத்திருந்ததை எல்லாம் கொட்டினாள்.

“அவருக்குச் சோறு முழுங்க முடியாது டாக்டரம்மா. ஏழு மாசமாச்சு. கறி, ரொட்டி எது கெட்டியாப் போனாலும் நெஞ்சுல நின்னுக்கும். நான் கஞ்சியை வடிகட்டி வடிகட்டிக் குடுக்கிறேன். அதுலதான் உசுரு ஓடுது.”

“அப்போ அந்தத் தட்டு?”

“அது வேஷம்! நாசி கண்டார் முதலாளி தன் கடைச் சோத்தைத் திங்கலன்னா ஊரு என்ன சொல்லும்? வெள்ளிக்கிழமைன்னா எல்லாரும் பார்க்க உட்காருவாரு. மெல்லுவாரு. யாரும் பார்க்காதப்போ கைத்துண்டுல துப்பிருவாரு. ஆனா நேத்து பெஞ்சமின் அண்ணே பக்கத்துலயே உட்கார்ந்துகிட்டு, ‘என் கையால ஒரு வாய்’னு வாயில திணிச்சுட்டாராம். எல்லாரும் கை தட்டினாங்களாம். மனுசன் வெக்கப்பட்டுக்கிட்டு முழுங்கிட்டாரு...”

“ஏன்க்கா டாக்டர்கிட்டக் காட்டல?”

“அவங்க அத்தா தொண்டையில புத்து வந்து, சாப்பிட முடியாமத்தான் மௌத்தானாரு. இவருக்கும் அதான்னு முடிவு கட்டிட்டாரு. ‘டாக்டர் சொல்லிட்டா உறுதியாயிரும் ஹாஜரா, சொல்லாதவரைக்கும் நான் உசுரோட இருப்பேன்’னு சொல்லுவாரு.”

அக்னஸ் நிமிர்ந்தார். கண்களில் ஒரு மின்னல்.

முழுங்க முடியவில்லை. வலது கையில் நாடி மெலிவு.

இரண்டும் ஒரே ஆளிடம்!

“அக்கா, உங்க வீட்டுக்காரருக்கு இருக்கிறது புத்து இல்லைன்னு நினைக்கிறேன். நான் நினைக்கிறது சரியா இருந்தா... அவர் பொறக்கும்போதே கூடப் பொறந்த வியாதி!”

*

ஞாயிறு காலை. எக்ஸ்ரே இருட்டறை.

ராவுத்தர் திரைக்குப் பின்னால் நிறுத்தப்பட்டிருந்தார். தொண்டை வீங்கி இருந்ததால் ஒரு வார்த்தை பேச முடியாது. கையில் ஒரு கோப்பை. அதில் சுண்ணாம்புக் கரைசல் மாதிரி வெள்ளையாக ஏதோ இருந்தது.

“என்னா லா இது?” என்றார் பெர்னார்ட், இருட்டில் நாற்காலியில் இடித்துக்கொண்டு.

“பேரியம். இதை முழுங்கினா உணவுக் குழாய் திரையில தெரியும்.”

“டாக்டரம்மா, எனக்கு ஞாயித்துக்கிழமை பூசை இருக்கு. சுருக்கமாச் சொல்லுங்க.”

“நெஞ்சுக்குள்ள இதயத்துலேருந்து ஒரு பெரிய ரத்தக் குழாய் மேல வந்து, குடை கைப்பிடி மாதிரி வளைஞ்சு கீழ இறங்கும். அந்த வளைவுலேருந்து தலைக்கும் கைக்கும் கிளைகள் பிரியும். வலது கைக்குப் போற கிளை முதல்லயே பிரியணும். ஆயிரத்துல அஞ்சாறு பேருக்கு அது தப்பிப் போய்க் கடைசியாப் பிரியும்.”

“கடைசியாப் பிரிஞ்சா என்ன? வலது கைக்குப் போய்ச் சேர்ந்துட்டாச் சரி.”

“போகணுமே! பிரியிறது இடது பக்கம். போக வேண்டியது வலது பக்கம். நடுவுல உணவுக் குழாய் நிக்குது. அதனால அதுக்குப் பின்னால நுழைஞ்சு போகும். அநேகம் பேருக்கு ஒரு தொந்தரவும் இருக்காது. சிலருக்கு மட்டும் வயசாகி, ரத்தக் குழாய் கெட்டியானதும், பின்னாலேருந்து உணவுக் குழாயை அமுக்கும். அதுவும் நெருக்கத்துல சுருங்கினா, வலது கையில நாடி குறையும்.”

“இதெல்லாம் எங்க படிச்சீங்க?”

“நூறு வருசத்துக்கு மேலா செத்தவங்களை அறுத்துப் பார்த்துத்தான் இதைக் கண்டுபிடிச்சுக்கிட்டு இருந்தாங்க. உயிரோட இருக்கிறவர்கிட்ட எக்ஸ்ரேயில கண்டதை, போன வருசம் ஒரு ஜெர்மன் டாக்டர் எழுதியிருக்காரு. பத்திரிகை கப்பல்ல வந்து போன மாசம்தான் கையில கிடைச்சது.”

“அதாவது... நீங்க இதுவரைக்கும் ஒண்ணுகூடப் பார்த்ததில்ல?”

“இல்ல.”

பெர்னார்ட் இருட்டில் சிரித்தது கேட்டது.

“குடிங்க பாய்!” என்றார் அக்னஸ்.

ராவுத்தர் குடித்தார். திரையில் ஒரு வெள்ளைக் கோடு இறங்கியது. நேராக. அழகாக. எங்கேயும் ஒரு வளைவு இல்லை!

“ஒண்ணையும் காணோமே டாக்டரம்மா?”

அக்னஸ் திரையருகே குனிந்து பார்த்தார்.

தவறோ? ஹாஜராவுக்கு நம்பிக்கை கொடுத்தாயிற்றே. அந்தப் பெண் கம்பிக்குப் பின்னால் காத்துக்கொண்டிருக்கிறாளே...

“நான் கிளம்பட்டுமா?” பெர்னார்ட் தொப்பியைத் தேடினார்.

“நில்லுங்க!”

முன்னாலிருந்து பார்த்தால், பின்னால் ஒளிந்திருப்பவன் எப்படித் தெரிவான்?

“பாய், கொஞ்சம் சாய்வாத் திரும்புங்க. இன்னும் கொஞ்சம்... அப்படியே நில்லுங்க. இப்ப ஒரு வாய்!”

வெள்ளைக் கோடு இறங்கியது.

கழுத்துக்குக் கீழே, மார்பின் மேல்பகுதியில்... நின்றது!

பின்பக்கத்திலிருந்து யாரோ விரலால் அழுத்தியது போல ஒரு பள்ளம். இடதிலிருந்து வலதுக்குச் சரிவாக ஏறியது. பேரியம் அந்த இடத்தில் தயங்கித் தயங்கி, நூலாக வழிந்தது.

“பெர்னார்ட்! பார்த்தீங்களா?”

“மாதாவே!” என்றார் பெர்னார்ட்.

“பள்ளத்தோட விளிம்பு வழவழன்னு இருக்கு. புத்துநோயா இருந்தா அரிச்ச மாதிரி கரடுமுரடாத் தெரியும். பாய், கேக்குதா? உங்களுக்குப் புத்து இல்ல! மெதுவா, மசிச்சுச் சாப்பிட்டா எண்பது வயசு வரைக்கும் இருக்கலாம்!”

ராவுத்தரால் பேச முடியவில்லை. கோப்பையைக் கீழே வைத்தார். திரையில் நெற்றியை முட்டிக்கொண்டு, ஏழு மாதத்துக் கண்ணீரையும் அங்கேயே அழுது தீர்த்தார்.

வெளியே வந்ததும் பெர்னார்ட் மீசையைத் தடவினார்.

“சரி, இளைச்சதுக்குக் காரணம் ரத்தக் குழாய். ஒத்துக்கிறேன். ஆனா கறியில இருந்த ஆர்சனிக் ரத்தக் குழாயிலேருந்தா வந்துச்சு?”

“அவரோட சிறுநீரைச் சோதிச்சேன். விஷம் இல்ல. அந்தத் துண்டு வயித்துக்குள்ள இறங்கவே இல்ல. நடுவழியிலேயே மாட்டி, மூச்சுக் குழாயை அமுக்கிடுச்சு.”

“அப்போ...”

“ஆமா! அவரைக் கொல்லப் பார்த்த அதே ரத்தக் குழாய்தான் அவரைக் காப்பாத்தியிருக்கு. இப்ப யோசிங்க. ஹாஜராவுக்கு அவர் கறி முழுங்க மாட்டார்னு தெரியும். தினமும் மூணு வேளை அவங்க கையால கஞ்சி குடிக்கிறவர். கொல்லணும்னா கஞ்சியில வைப்பாங்களா? துப்பப்போற கறியில வைப்பாங்களா?”

பெர்னார்டின் கை மீசையிலேயே நின்றுவிட்டது.

“விஷம் வச்சவன்...”

“அவரால முழுங்க முடியாதுங்கிறது தெரியாத ஆளு! அவர் வாய்க்குள்ள கறி போகுதான்னு பக்கத்துல இருந்து பார்த்துக்கிட்ட ஆளு!”

“யாருன்னு தெரியுமா?”

“தெரியும். ஆனா ருசு இல்ல. நாளைக்குக் காலையில ஹாஜராவை வெளிய விடுங்க. நான் இப்போ ஒருத்தருக்கு நல்ல சேதி சொல்லிட்டு வர்றேன்.”

*

திங்கட்கிழமை காலை ஒன்பது மணி. வார்டில் ராவுத்தர் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஹாஜரா. மூன்று நாள் லாக்கப்பில் கசங்கிய அதே சேலை. அவருடைய கையை விடவே இல்லை.

வாசலில் செருப்புச் சத்தம்.

“கூட்டாளி! எப்படி இருக்கே?”

டிரஸர் பெஞ்சமின்! கையில் ஒரு தூக்குவாளி.

“டாக்டர் நேத்து வந்து சொன்னாங்க. தண்ணியா இருந்தா முழுங்குவியாமே! மூணு நாள்ல பேச்சும் வந்துருமாமே! அதான் கோழி சூப் வச்சுக் கொண்டாந்தேன். தங்கச்சி, உங்க கையாலயே குடுங்க. அப்பத்தான் உடம்புல ஒட்டும்.”

“நல்ல மனசுண்ணே உங்களுக்கு,” என்றாள் ஹாஜரா வெள்ளந்தியாக.

“குடுங்க, நான் ஊத்திக் கொண்டு வர்றேன்.” அக்னஸ் வாளியை வாங்கிக்கொண்டு உள்ளறைக்குப் போனார். திரும்பி வந்தபோது கையில் மூடி போட்ட பீங்கான் கோப்பை. மேஜைமேல் வைத்தார்.

சரியாக அந்த நேரத்தில் பெர்னார்ட் உள்ளே வந்தார்.

“என்ன டாக்டரம்மா, வாசனை தூக்குது? காலையிலேருந்து பல்லுல பச்சைத் தண்ணி படல.”

“பெஞ்சமின் கொண்டு வந்த கோழி சூப். பாய்க்கு அப்புறம் குடுத்துக்கலாம். நீங்க குடிங்க.”

“நோயாளி சூப்பைக் குடிச்சா பாவம் லா...” என்றபடியே பெர்னார்ட் கோப்பையை எடுத்தார். மூடியைத் தள்ளினார். உதட்டுக்குக் கொண்டு போனார்.

பெஞ்சமினின் நெற்றியில் வியர்வை பொட்டுப் பொட்டாக அரும்பியது.

ராவுத்தர் செத்தால், நோயில் செத்தார். இல்லாவிட்டால் பெண்டாட்டி கொன்றாள். போலீஸ்காரர் செத்தால்...

கயிறு!

“சார்! குடிக்காதீங்க!”

வார்டு மொத்தமும் திரும்பிப் பார்த்தது.

கோப்பை பெர்னார்டின் உதட்டருகே அப்படியே நின்றது.

“ஏன்யா?”

“அது... அது... ஆறிப் போயிருக்கும் சார்... ருசி இருக்காது...”

பெர்னார்ட் அவரையே பார்த்துக்கொண்டு ஒரே மூச்சில் குடித்து முடித்தார். வாயைத் துடைத்தார்.

“ஐயோ! வாந்தி எடுங்க சார்! உப்புத் தண்ணி குடுங்க! யாராவது ஓடுங்களேன்!” பெஞ்சமின் அவர் மேல் பாய்ந்தார்.

“உட்காருங்க பெஞ்சமின்,” என்றார் அக்னஸ் அமைதியாக. “அவர் குடிச்சது ஆஸ்பத்திரி பார்லித் தண்ணி.”

பெஞ்சமின் காலிக் கோப்பையைப் பார்த்தார்.

“உங்க சூப் உள்ளே இருக்கு. அமிலம் ஊத்தி, தாமிரத் தகடு போட்டுக் கொதிக்க வச்சிருக்கேன். தகடு கறுத்தா ஆர்சனிக். ஆனா அதுக்காகக் காத்திருக்க வேண்டிய அவசியமே இல்ல. நீங்களே ஊருக்குக் கேக்கிற மாதிரி சொல்லிட்டீங்களே!”

பெஞ்சமின் வாசலைப் பார்த்தார். வாசலில் இரண்டு கான்ஸ்டபிள்கள்.

“கூட்டாளின்னு சொன்னியேடா!” ஹாஜரா கத்தினாள். “எதுக்குடா? எதுக்கு?”

பதில் கட்டிலிலிருந்து வந்தது. மூன்று நாளாகப் பேசாத தொண்டையிலிருந்து, காற்றும் கரகரப்புமாக.

“டானிக்கு...”

“பாய், பேசாதீங்க!” என்றார் அக்னஸ்.

“பேசணும்மா.” ராவுத்தர் ஒவ்வொரு சொல்லாகத் தள்ளினார். “போன மாசம்... என் கடை வாசல்ல... ஒரு ரிக்‌ஷாக்காரன் செத்தான். காய்ச்சல்னு எழுதிட்டாங்க. இவன் விக்கிற டானிக்கைக் குடிச்சுட்டுத்தான் விழுந்தான். நான் பார்த்தேன். விழுந்ததும் இவன் ஓடி வந்து பாட்டிலை எடுத்து ஒளிச்சான். அதையும் பார்த்தேன்.”

“என்கிட்ட ஏன் சொல்லல?” என்றார் பெர்னார்ட்.

“கூட்டாளியாச்சே... போன வாரம்தான் இவன்கிட்ட, ‘நீயே போய் ஒத்துக்க. திங்கக்கிழமை வரைக்கும் டைம். இல்லன்னா நான் போவேன்’னு சொன்னேன். சரின்னான். கட்டிப் பிடிச்சு அழுதான். அந்தத் திங்கள் வர்றதுக்குள்ள... வெள்ளிக்கிழமையே... ஊட்டி விட்டான்.”



பெஞ்சமின் தரையைப் பார்த்துச் சொன்னார். “விரல்லதான் பொடியைத் தடவியிருந்தேன். நாடி நின்னு போச்சுன்னு சத்தியமா நம்பினேன் டாக்டர். இருபத்திரண்டு வருச சர்வீஸ்ல எனக்கு நாடி தப்பினதே இல்ல.”

“நாடி தப்பல. அவருக்கு அந்தக் கைக்குப் போற ரத்தக் குழாய்தான் வழி தப்பிடுச்சு. நீங்களும்தான்.”

கான்ஸ்டபிள்கள் அவரைக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

ஹாஜரா கஞ்சிக் கிண்ணத்தை எடுத்தாள். ஒரு கரண்டி ஊதி, தான் முதலில் ஒரு வாய் குடித்துக் காட்டிவிட்டு, கணவருக்கு நீட்டினாள். ராவுத்தர் சிரித்தார்.

“எதுக்குடி குடிச்சுக் காட்டுறே? எனக்கா சந்தேகம்?”

“உங்களுக்கு இல்ல. இங்க ஒருத்தர் நின்னு பார்த்துக்கிட்டு இருக்காரே... அவருக்கு!”

பெர்னார்டின் முகம் சிவந்தது. தொப்பியைக் கழற்றினார். மாட்டினார். மறுபடி கழற்றினார்.

“அக்கா... நான் வந்து... அன்னிக்கு ஆத்திரத்துல உங்களை... அதாவது...”

வாய் திறந்தது. மூடியது. திறந்தது.

“என்ன சார்?” என்றாள் ஹாஜரா.

“மன்னிப்புக் கேக்கணும்னுதான் வந்தேன் அக்கா. தொண்டைக்குள்ளயே சிக்கிக்கிட்டு வெளிய வர மாட்டேங்குது!”

அக்னஸ் தன் டாக்டர் கோட்டை மாட்டிக்கொண்டு வாசல் பக்கம் திரும்பினார்.

“எக்ஸ்ரே ரூம் சும்மாத்தான் இருக்கு பெர்னார்ட்... சாய்வாத் திருப்பி நிறுத்தி ஒரு படம் எடுத்துடலாமா?”